உதட்டுக்கு அம்மாவும் அப்பாவும் ஒன்றுதான்

ஓட்டைப்பல்லுக்கு வாய் நிறையப் பல் இருக்கிறது. இருபத்தெட்டு வயதில் ஒன்றுகூடச் சொத்தை இல்லை. அது போதாதென்று, பல் போனவர்களுக்குப் பல் செய்து கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. பல் டாக்டரம்மாவின் அறைக்குப் பின்னால், குறுகிய நடைவழி ஒன்றைத் தாண்டினால், பல்செட் செய்யும் பட்டறை. மூன்று மேசை, ஒரு பாலிஷ் சக்கரம், அச்சு எடுக்க மாவு குழைக்கிற ரப்பர் கிண்ணங்கள், இளஞ்சிவப்பு மெழுகுத் தகடுகள், இழுப்பறைகளில் நிறம் வாரியாக அடுக்கிய பற்கள். ஜன்னலோர மேசை அவளுடையது. அதில் எந்நேரமும் யாருடைய தாடையின் அச்சாவது வாயைப் பிளந்துகொண்டு அவளையே பார்த்தபடி இருக்கும்.

அவளுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. ஓட்டைப்பல் என்ற பெயர் பள்ளிக்கூடத்தில் வந்தது. காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது மேல்வரிசையில் இரண்டு பால்பற்கள் விழுந்திருந்தன. அங்கே ரிஜிஸ்டரில் எழுதிய பெயரை வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் கூப்பிட முடியாது. கையால் காட்டுகிற மாதிரி ஒரு பெயர் வேண்டும். ஆட்காட்டி விரலால் முன்பல்லைத் தொட்டால் அது அவள். பல் முளைத்துவிட்டது, பெயர் விழவில்லை.

இந்த வருடம் அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். பட்டறையிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு மாடி வீடு. இரண்டு அறை, ஒரு சமையல் மேடை, வெளிப்பக்கமாக ஏறுகிற படிக்கட்டு. அதில் அவளும், பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே வருகிற சிநேகிதி சுருட்டையும் குடியிருக்க வேண்டும். துணைக்கு என்று வேறு யாரும் இருக்கக் கூடாது.

கேட்டால் சின்ன ஆசைதான். ஆனால் இது அம்மாவின் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று ஓட்டைப்பல்லுக்குத் தெரியும்.

அம்மா பேருந்து நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எத்தனை மணிக்குப் புறப்படுகிறது என்று அறிவிப்பவள். டிரைவர், கண்டக்டர், பழக்கடைக்காரர் எல்லோருக்கும் அவள் மைக்கம்மா. அவள் ஒரு வார்த்தை சொன்னால் நூறு பேர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது மேடையிலிருந்து ஏழாவது மேடைக்கு ஓடுவார்கள். அப்படிப்பட்ட குரல் சொந்த வீட்டில் ஒருத்தியிடம் மட்டும் செல்லுபடியாகவில்லை. நாலு வயதில் குழந்தை ஒரு பந்தின் பின்னால் ரோட்டுக்கு ஓடியது. எதிரே வந்த வண்டி ஹாரன் அடித்தது. மைக்கம்மா தொண்டை கிழியக் கத்தினாள். இரண்டும் வீண். வண்டி ஒரு முழம் தள்ளி நின்றது. அன்றைக்குக் குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்தவள், பிடித்தவள்தான்.

வீட்டில் அப்போது மொத்தம் முப்பது சைகை இருந்திருக்கும். சாப்பிடு, குளி, தூங்கு, பேசாமல் இரு. ‘வேண்டாம்’ என்பதற்கு மட்டும் மூன்று விதம். ‘ஏன்’ என்பதற்கு ஒன்றும் இல்லை. கேட்கவே முடியாத கேள்விக்கு யாரும் பதில் சொல்லத் தேவையில்லை. அதனால் வீட்டில் சண்டை சச்சரவு கிடையாது. குழந்தை எதைப் பார்த்தாலும் கொடுத்துவிடுவார்கள். பாவம் என்பார்கள்.

பள்ளிக்கூடம் வேறு ஊரில், விடுதியோடு சேர்ந்தது. சேர்த்துவிட்டுக் கிளம்பும்போது வாசல் கேட் பக்கத்தில் மைக்கம்மா மண்டியிட்டு உட்கார்ந்து, மகளின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, வாயை நன்றாகத் திறந்து நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

“அம்மா, சனிக்கிழமை, வருவேன்.”

குழந்தையின் முகம் மலர்ந்துவிட்டது. துள்ளிக் குதித்து உள்ளே ஓடியவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணீரும் கம்பலையுமாக ஒரு காட்சிக்குத் தயாராக வந்திருந்த மைக்கம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. பஸ் ஏறியதிலிருந்து இறங்குகிற வரை அவள்தான் அழுதாள்.

சனிக்கிழமை வந்தது. சொன்னபடி மைக்கம்மாவும் வந்தாள். குழந்தை அவளைப் பார்த்தது, அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது, கேட்டுக்கு வெளியே ஓடிப்போய் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தது. பிறகு தரையில் விழுந்து புரண்டு அழுதது. எதற்கு அழுகிறாள் என்று ஒருவருக்கும் புரியவில்லை. ஏழெட்டு மாதம் கழித்து, பேச்சு வகுப்பில்தான் முடிச்சு அவிழ்ந்தது.

கண்ணாடி முன்னால் நின்று, சத்தம் வராமல், ‘அம்மா’ என்று சொல்லிப் பாருங்கள். பிறகு ‘அப்பா’ என்று சொல்லிப் பாருங்கள். இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். காதால் கேட்கிறவர்களுக்கு அவர்கள் இரண்டு பேர். கண்ணால் கேட்கிறவர்களுக்கு ஒரே ஆள்தான். யாரை எதிர்பார்த்துக்கொண்டு இருக்கிறோமோ அவர் உதட்டில் தெரிவார். வீட்டில் அப்பாவைச் சொல்ல மைக்கம்மா ஸ்டியரிங்கைத் திருப்பிக் காட்டுவாள், அவர் லாரி டிரைவர் என்பதால். தன்னைச் சொல்ல நெஞ்சைத் தொடுவாள். அன்றைக்கு அவளுடைய இரண்டு கையும் மகளின் முகத்தில் இருந்தன. மாதம் இரண்டு தடவை மட்டும் வீட்டுக்கு வருகிற அப்பா தன்னைப் பார்க்க லாரியில் வரப்போகிறார் என்று குழந்தை ஒரு வாரம் சந்தோஷமாக இருந்திருக்கிறது.

பேச்சு வகுப்பில் டீச்சர் உதட்டுக்கு முன்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடித்து ‘அப்பா’ சொன்னார். காகிதம் ஆடியது. ‘அம்மா’ சொல்லும்போது பிள்ளைகளின் விரலைத் தன் மூக்கின் மேல் வைத்துக்கொண்டார். மூக்கு கிர்ரென்று அதிர்ந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். அதற்கப்புறம் ஒரு வாரம் விடுதியில் யார் வாயைத் திறந்தாலும் மூக்கைப் பிடித்துப் பார்க்க நாலு பேர் வந்தார்கள். சமையற்கார அம்மா கரண்டியைத் தூக்கிய பிறகுதான் அடங்கினார்கள்.

டீச்சர்கள் எழுத்தையும் உதட்டையும் கற்றுக்கொடுத்தார்கள். கையைக் கற்றுக்கொடுத்தது விடுதி. பெரிய வகுப்பு அக்காமார்களிடமிருந்து சின்னவர்கள் சாப்பாட்டுக் கூடத்திலும் குழாயடியிலும் பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்ட பேச்சு அது. பக்கத்துக் கட்டில் சுருட்டைக்கு. தலைமுடியைப் பார்த்து வைத்த பெயர். விரலை நெற்றியோரம் சுழற்றினால் அது அவள். சேர்ந்த மூன்றாம் மாதம் சுருட்டை இவள் சோப்பை எடுத்துத் தேய்த்துக் குளித்துவிட்டாள். கேட்டால், “உன் பேர் எழுதியிருக்கா?” என்றாள். கைப்பேச்சில் ‘டி’ கிடையாது. அந்தக் குறையைத் தோளில் ஒரு இடி இடித்துத் தீர்த்துக்கொள்வார்கள்.

ஓட்டைப்பல்லின் வாழ்க்கையில் அதுதான் முதல் சண்டை. அதுவரை அவளோடு சண்டை போடும் அளவுக்கு யாரும் அவளை மதித்ததில்லை. காது கேளாதவர்களின் சண்டையில் ஒரு தந்திரம் உண்டு: தோற்கப்போகிறோம் என்று தெரிந்தால் கண்ணை மூடிக்கொள்வது. எதிராளி எத்தனை கத்தினாலும், அதாவது கையை ஆட்டினாலும், உள்ளே ஏறாது. ஓட்டைப்பல் கண்ணை மூடினாள். சுருட்டை இரண்டு விரலால் அவள் இமையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு, மிச்சத்தை இன்னொரு கையால் சொல்லி முடித்தாள். அதற்கு மேல் சிநேகிதமாகாமல் என்ன செய்வது?

முதல் லீவுக்கு வீட்டுக்கு வந்தபோது அவளிடம் ‘ஏன்’ இருந்தது. பத்து நாள் அம்மாவை அது பாடாய்ப் படுத்தியது. ஏன் குளிக்கணும், ஏன் அந்த மாமா அழுகிறார், ஏன் நான் மட்டும் தனியா ஸ்கூல் போறேன். மைக்கம்மா பேருந்து நிலையத்துக்குப் போய்த்தான் மூச்சு விட்டாள்.

கொஞ்சம் பெரியவர்களானதும் புதன்கிழமை பிற்பகலில் கடைவீதிப் பாடம் இருந்தது. இரண்டிரண்டு பேராக அனுப்புவார்கள். சீட்டு எழுதிக்கொண்டு போகக் கூடாது. விரலால் சுட்டிக் காட்டி வாங்குகிற பொருளாகவும் இருக்காது. ஓட்டைப்பல்லுக்கும் சுருட்டைக்கும் ஒரு தடவை சொன்னது, மூன்று சாவி உள்ள ஒரு பூட்டு. கடைக்காரரிடம் இருவரும் கையையும் வாயையும் முடிந்த மட்டும் பயன்படுத்தி, ஒரு சாவி உள்ள மூன்று பூட்டோடு திரும்பினார்கள். டீச்சர் திட்டவில்லை. திருப்பி அனுப்பினார். கடைக்காரர் விற்றதைத் திரும்ப வாங்க மாட்டேன் என்றார். சுருட்டை கடை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். ஓட்டைப்பல் எதிரில் நின்று, ஒவ்வொரு பூட்டாகத் திறந்து, மூன்று சாவியையும் ஒரே பூட்டுக்குள் நுழைக்கிற மாதிரி நடித்துக் காட்டினாள். கடைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு கறாராக இருப்பது கஷ்டம். அவர்கள் அதை மாற்றிக்கொண்டு வந்த நாளில்தான் அந்தப் பாடம் முடிந்ததாக டீச்சர் ஒத்துக்கொண்டார்.

பள்ளி முடித்து, பல்செட் வேலைக்கு இரண்டு வருடம் பயிற்சி எடுத்து, இந்தப் பட்டறையில் ஓட்டைப்பல் சேர்ந்து ஆறு வருடமாகிறது. அதே பேட்டையில் ஒரு மருந்துக் கம்பெனியில், ஓடும் பட்டையில் வருகிற புட்டிகளுக்கு லேபிள் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிற வேலை சுருட்டைக்கு. ஓட்டைப்பல் மட்டும் தினமும் ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வந்து போகிறாள். வந்து போவதுகூடப் பெரிதில்லை. காலையில் மைக்கம்மா அவளை வண்டியில் ஏற்றி, கண்டக்டரிடம், “பாத்து எறக்கி விடுங்க தம்பி,” என்று ஒப்படைப்பாள். மாலையில் அந்த வண்டி வருகிறது என்று தானே மைக்கில் சொல்லிவிட்டு, தானே மேடைக்கு ஓடிவந்து, இறங்கும்போதே மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். இருபத்தெட்டு வயதுப் பெண்ணைப் பார்சல் மாதிரி ஏற்றி இறக்குகிறார்கள் என்று சுருட்டை கிண்டல் செய்வாள். “ஸ்டாம்ப் ஒட்டினாங்களா இன்னிக்கு?”

மாடி வீட்டைக் கண்டுபிடித்தது சுருட்டைதான். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ரயில் கார்டு. பச்சைக் கொடி காட்டியே காலம் தள்ளியவர். மேலுதட்டை முழுக்க மூடுகிற மீசை. அவர் மனைவி கீழ் வீட்டு வாசலில் தொட்டிச் செடிகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். தோழிகள் இருவரும் போய்ப் பார்த்தார்கள். வேலை செய்கிற இடம், அடையாள அட்டை, எல்லாம் போனில் தட்டச்சு செய்து காட்டினார்கள். கார்டு தலையாட்டினார். கடைசியில் மீசைக்குள்ளிருந்து ஏதோ சொன்னார்.

வெளியே வந்ததும் ஓட்டைப்பல், “அப்பா வந்து பேசணுமாம். அப்புறம் சாவி தர்றாராம்,” என்றாள்.

“அம்மான்னு சொன்னாரோ என்னமோ.”

“அப்பா.”

“எனக்கு மீசைதான் தெரிஞ்சுது. சந்தேகமா இருந்தா போய் மூக்கப் பிடிச்சுப் பாரு.”

திரும்பிப் போய் எழுதிக் கேட்டிருக்கலாம். அரை நிமிட வேலை. ஓட்டைப்பல் போகவில்லை. அப்பாவைச் சம்மதிக்க வைப்பது சுலபம். அம்மாவிடம் வாயைத் திறக்கவே பயம். வேண்டிய பதில் கிடைத்துவிட்ட பிறகு யார் மறுபடி கேட்பார்கள்?

அடுத்த வாரம் லாரிக்காரர் வந்தார். மகள் அவரைத் தெருமுனைக்குத் தள்ளிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னாள். அவருக்குத் தெரிந்த சைகை இன்னும் அந்தப் பழைய முப்பதுதான். ஆனால் மகள் முகத்தைப் படித்துவிடுவார்.

“உங்கம்மாகிட்ட சொல்லிட்டியா?”

அவள் இல்லை என்று தலையசைத்தாள்.

“அவளுக்குத் தெரியாம நான் முடி வெட்டிக்கிட்டதுகூட இல்ல கண்ணு,” என்றார். ஆனாலும் வந்தார்.

கார்டு அவரை வரவேற்று உட்கார வைத்துவிட்டு, பின்னால் யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்த்தார்.

“அம்மா வரலீங்களா? அவங்களத்தானே வரச் சொன்னேன்.”

“ஏங்க, நான் ஆக மாட்டேனா?” என்றார் லாரிக்காரர்.

கார்டின் மனைவி குறுக்கே வந்தார். “தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. நீங்க இப்ப சரின்னு சொல்லிட்டு வண்டி ஏறிடுவீங்க. நாளைக்கு ஒரு காய்ச்சல் தலவலின்னா நான் யாருக்குப் போன் போடறது? பெத்தவ வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும், இவங்க தனியா இருந்துக்குவாங்கன்னு. அது போதும் எனக்கு.”

“சனிக்கிழமைக்குள்ள வரச் சொல்லுங்க,” என்றார் கார்டு. “வேற ரெண்டு குடும்பம் கேட்டிருக்காங்க.”

லாரிக்காரர் இதையெல்லாம் மகளுக்கு எழுதிக் காட்டினார். ‘அம்மா’ என்ற சொல்லின் கீழ் இரண்டு கோடு போட்டார்.

அன்று மத்தியானமே ஓட்டைப்பல் அம்மாவிடம் சொன்னாள். மைக்கம்மா அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்திருந்தாள். தாய்க்கும் மகளுக்கும் நடுவில் பேச்சு என்பது பாதி உதடு, பாதி வீட்டுச் சைகை, முடியாத இடத்தில் போன். ஆனால் சண்டைக்குப் போன் தேவைப்படவில்லை.

“எங்கிட்ட சொல்லாம அவரக் கூட்டிட்டுப் போனியா?”

“அவரைத்தான் கூப்பிட்டாங்கன்னு நினைச்சேன்.”

“நினைச்சியா, வேணும்னே பண்ணினியா?”

ஓட்டைப்பல் யோசித்துப் பார்த்தாள். “பாதி நினைச்சேன். பாதி வேணும்னே.”

மைக்கம்மா காயை ஓரமாகத் தள்ளினாள். “சரி. காஸ் கசிஞ்சா?”

“மூக்கு இருக்கு.”

“கதவத் தட்டினா?”

“பெல் அடிச்சா லைட் எரியற மாதிரி வெச்சுக்கலாம். விடுதியில அப்படித்தான் இருந்துச்சு.”

“திருடன் வந்தா?”

“சுருட்டைக்குத் தரை அதிர்ந்தாலே முழிப்பு வந்துடும். நீ தூங்கினா இடி விழுந்தாலும் எழுந்திரிக்க மாட்ட. இங்கதான் எனக்கு பயம்.”

மைக்கம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் தந்திரம், யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவளுக்கு வந்துவிட்டது. ஓட்டைப்பல்லுக்குக் கை துறுதுறுத்தது. ஆனால் அம்மாவின் இமையைப் பிரிக்க முடியுமா? எதிரில் உட்கார்ந்து காத்திருந்தாள். கண்ணைத் திறந்தபோது மைக்கம்மா அழுதிருக்கவில்லை. கோபமாகத்தான் இருந்தாள்.

“வரேன். வந்து பாப்பேன். எனக்கு சரின்னு பட்டாத்தான் சரிம்பேன். உனக்காகப் பொய் சொல்ல மாட்டேன்.”

சனிக்கிழமை காலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஓட்டைப்பல்லின் போன் அதிர்ந்தது. டாக்டரம்மா. ஒருவருக்கு மெழுகுப் பல்லை வாயில் வைத்துப் பார்க்க வேண்டும், அவர் மறுநாள் ஊருக்குப் போகிறார், அரை மணி நேரம் வந்து போக முடியுமா என்று கேட்டிருந்தார். பல்செட்டைக் கெட்டியாக வார்ப்பதற்கு முன்னால் பற்களை மெழுகில் பதித்து வாயில் பொருத்திப் பார்ப்பார்கள். தப்பு இருந்தால் அப்போதே மாற்ற வேண்டும். அப்புறம் மாற்ற முடியாது. அம்மாவையும் அழைத்துக்கொண்டு ஓட்டைப்பல் போனாள்.

மைக்கம்மா இந்த அறைக்குள் வந்ததில்லை. மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். சாய்வு நாற்காலியில் பருமனான ஒரு பெரியவர். டாக்டரம்மா மெழுகுப் பல்லை அவர் வாயில் பொருத்திவிட்டு, “அம்மா சொல்லுங்க ஐயா,” என்றார்.

“அம்மா.”

“இன்னொரு தடவ.”

“அம்மா.”

“நல்லா வருதே. போதும்ல?” என்று டாக்டரம்மா ஓட்டைப்பல்லின் பக்கம் திரும்பினார்.

ஓட்டைப்பல் இல்லை என்றாள். பெரியவரின் நேர் எதிரில் குனிந்து, இன்னும் ஒரு தடவை என்று விரலைக் காட்டினாள். அவர் சொன்னார். அவள் தன் மோவாயைத் தொட்டுக் காட்டினாள். பக்கத்தில் இருந்த எழுதும் பலகையை இழுத்து எழுதினாள்: ‘உதடு சும்மா மூடணும். இவர் இழுத்து மூடுறார். மோவாயில் குழி விழுது. கீழ்வரிசை ரெண்டு மில்லி உசரம்.’

“சத்தம் சரியாத்தான் இருக்கு,” என்றார் டாக்டரம்மா.

‘கேட்டா சரியாத்தான் இருக்கும்,’ என்று ஓட்டைப்பல் எழுதினாள். ‘பாருங்க.’

டாக்டரம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். பெரியவரை ஐந்தாவது தடவையாக அம்மா சொல்ல வைத்தார். பிறகு மெழுகுப் பல்லைக் கழற்றி ஓட்டைப்பல்லின் கையில் கொடுத்தார். அவள் விளக்கில் கத்தியைச் சூடாக்கிக்கொண்டு நடைவழியில் மறைந்தாள்.

பெரியவர் பொக்கை வாயோடு மைக்கம்மாவைப் பார்த்து, “யாரும்மா இது, இவ்வளவு கறாரா இருக்கு?” என்றார். வாயில் பல் இல்லாததால் பாதி காற்றாகத்தான் வந்தது.

“எம் பொண்ணுதான்.”

“எங்கம்மாவக்கூட நான் இத்தன தடவ கூப்பிட்டதில்ல,” என்றார் அவர்.

இருபது நிமிடத்தில் ஓட்டைப்பல் திரும்பி வந்தாள். இந்தத் தடவை அவர் உதடு சும்மா கிடந்தபடியே மூடியது. பெரியவர் கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு, யாரும் கேட்காமலே இரண்டு தடவை ‘அம்மா’ என்றார். ஓட்டைப்பல் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு அம்மாவிடம், போகலாம் என்று ஜாடை காட்டினாள். அந்த அறையில் இருந்த அத்தனை நேரமும் யாரும் மைக்கம்மாவைப் பார்த்து, ‘அவகிட்ட சொல்லுங்க’ என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. மாடி வீட்டுக்குப் பத்து நிமிட நடை. இரண்டு இடத்தில் ரோட்டைத் தாண்ட வேண்டியிருந்தது. முதல் இடத்தில் பழக்கதோஷத்தில் மணிக்கட்டைப் பிடித்தாள். இரண்டாவது இடத்தில் பிடிப்பதற்குள் ஓட்டைப்பல் இரண்டு பக்கமும் பார்த்து, அம்மாவின் முழங்கையைத் தாங்கி, எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டாள்.

சுருட்டை வாசலிலேயே நின்று இவர்களை மேலே கூட்டிப்போனாள். மாடியில் கார்டும் அவர் மனைவியும் ஜன்னலைத் திறந்துவிட்டுக் காத்திருந்தார்கள். மைக்கம்மா குழாயைத் திறந்து மூடினாள். சுவரைத் தட்டினாள். மொட்டை மாடிக்கதவின் பூட்டை ஆட்டினாள்.

கார்டின் மனைவி அவளைச் சகஜமாக்கப் பார்த்தார். “எனக்கு இவங்க வர்றதுல சந்தோஷம்தாங்க. முன்னால இருந்தவங்க ஒரே கூச்சல். இவங்கன்னா சத்தமே இருக்காது.”

“யாரு சொன்னது?” என்றாள் மைக்கம்மா. “இவ பாத்திரம் வெச்சா தெருவே எழுந்திரிக்கும். நாற்காலிய நகத்தினா வீடு இடியுதுன்னு நினைப்பீங்க. தனக்குக் கேக்காதது ஊருக்கும் கேக்காதுன்னு நினைப்பு.”

ஓட்டைப்பல் அம்மாவின் உதட்டைப் படித்துவிட்டுச் சுருட்டையைப் பார்த்தாள். வீடு கைவிட்டுப் போய்விட்டது என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். கார்டின் மனைவிக்கோ சிரிப்பு வந்துவிட்டது.

“பொய் சொல்லத் தெரியாத ஆளுங்க. சரி, நாற்காலிக் காலுக்கு ரப்பர் மாட்டிக்கலாம்.”

கார்டு மட்டும் இன்னும் இளகவில்லை. முப்பது வருடம் ரயிலுக்குப் பொறுப்பாக இருந்தவர். சிவப்பா பச்சையா என்று உறுதியாகத் தெரிய வேண்டும் அவருக்கு.

“அவசரம்னு வெச்சுக்குங்க. கீழ இருந்து நான் எப்படிக் கூப்பிடறது இவங்கள?” என்று மைக்கம்மாவைக் கேட்டார்.

எல்லோரும் மைக்கம்மாவைப் பார்த்தார்கள். ஓட்டைப்பல்லும் பார்த்தாள். இத்தனை வருடமாகக் கேள்வி அந்தப் பக்கம்தான் போகும். பதிலும் அங்கிருந்துதான் வரும். மைக்கம்மா மகளைச் சுட்டிக் காட்டினாள்.

“எனக்கென்ன தெரியும்? இருக்கப்போறவ அவ. அவளையே கேளுங்க.”

கார்டு ஓட்டைப்பல்லின் பக்கம் திரும்பி, பேச ஆரம்பித்தார்.

“அந்த மீசைய ஒதுக்கிட்டுப் பேசுங்க,” என்றார் அவர் மனைவி. “பாவம், கொடி காட்டுறீங்களா பேசுறீங்களான்னே தெரியாது.”

கார்டு இரண்டு விரலால் மீசையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முதலிலிருந்து கேட்டார். ஓட்டைப்பல்லுக்கு ஒரு எழுத்து விடாமல் தெரிந்தது. போனில் தட்டி நீட்டினாள்: ‘மாடிக்கு மெயின் சுவிட்ச் கீழேதான் இருக்கு, நான் பார்த்தேன். ரெண்டு தடவை அணைச்சுப் போட்டா ஒருத்தி இறங்கி வருவோம். மூணு தடவைன்னா ரெண்டு பேரும்.’

அவர் படித்தார். மனைவியிடம் காட்டினார். “சிக்னல்தானே,” என்றார். வந்ததிலிருந்து முதல் தடவையாக அவர் முகத்தில் திருப்தி தெரிந்தது. “அது எனக்குப் பழக்கம்தான்.”

அதற்குள் ஓட்டைப்பல் இன்னொன்றைத் தட்டிக்கொண்டிருந்தாள். மொட்டை மாடியில் துணிக்குக் கொடி கட்டிக்கொள்ளலாமா? கட்டலாம், ஆனால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூடாது என்றார் கார்டின் மனைவி. தொட்டிப் பக்கம்தான் வெயில் என்றாள் சுருட்டை, கையால். ஓட்டைப்பல் அதை எழுதினாள். கார்டின் மனைவி ஜன்னல் வழியாக வெயிலைச் சுட்டிக்காட்டி மறுத்துப் பேசினார். சுருட்டை சூரியன் போகும் வழியைக் கையால் வரைந்து காட்டினாள். மூன்று பேரும் மொட்டை மாடிக்கு ஏறினார்கள். கார்டு சாவிக்கொத்தோடு பின்னாலேயே போனார்.

மைக்கம்மா தனியாக நின்றாள். யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. வாசல் கதவைச் சாத்திப் பார்த்தாள். தாழ்ப்பாளைப் போட்டு இழுத்தாள். அது ஆடியது. மறுபடி இழுத்தாள். பிறகு மொட்டை மாடிக்குப் போகிற படியின் அடியில் போய் நின்று, பேருந்து நிலையத்தில் சொல்வதுபோலவே, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தித் தெளிவாகச் சொன்னாள்.

“இந்தத் தாழ்ப்பாள் சரியில்லீங்க. நாளைக்கு இவங்க சாமான் வந்துடும். அதுக்குள்ள மாத்திக் குடுங்க.”